இரண்டு மூட்டை டிரைவர்

தேவயானி செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். அரசு வாரியம் ஒன்றுக்கு உபயோகமான கடிதம் எழுதிவிட்டாள்.

குறை சொல்லி எழுதியிருந்தால் தப்பித்திருப்பாள். குறைக் கடிதங்களுக்கென்று போளூர் அலுவலகத்தில் தனி அலமாரி இருந்தது. அதற்கு நல்ல பூட்டும் இருந்தது. இவள் எழுதியது வேறு ரகம். ‘நீங்கள் கொடுத்த ரூட்டரில் ஒரு கோளாறு இருந்தது. நானே சரி செய்துவிட்டேன். மற்ற அறுபத்து மூன்று வீடுகளுக்கும் இப்படியே செய்யலாம். செய்முறை கீழே.’ இப்படிப்பட்ட கடிதத்தை எந்த அலமாரியில் வைப்பதென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே ஒரு குழு அமைத்தார்கள்.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளி, மலை மடிப்பில் இருக்கிறது சாமைக்கொல்லை. மலை இல்ல இணைய வாரியம் அந்த ஊரின் அறுபத்து நான்கு வீடுகளுக்கும் கம்பி இழுத்து, வீட்டுக்கு ஒரு ரூட்டரும் கொடுத்திருந்தது. பெட்டி நல்ல பெட்டிதான். அதற்குள்ளிருக்கும் வைஃபை சிப்பை வேலை வாங்குகிற மென்பொருளை டிரைவர் என்பார்கள். அதுதான் சண்டி. முப்பத்தெட்டு நிமிஷம் ஓடும், பிறகு படுத்துவிடும். சுவிட்சை அணைத்துப் போட்டால் இன்னொரு முப்பத்தெட்டு நிமிஷம். செய்த கம்பெனி அதை மூடி முத்திரை வைத்து அனுப்பியிருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைத் திருத்துவது எப்படி?

இன்னொரு வகை டிரைவரும் உலகத்தில் உண்டு. பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதி, எழுதியதை வரிக்கு வரி எல்லோர் பார்வைக்கும் வைத்துவிட்ட சமாசாரம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். ஒரே ஒரு நிபந்தனை, அடுத்தவருக்குக் கொடுக்கும்போது அதேபோல் திறந்தே கொடுக்க வேண்டும். போளூரில் கம்ப்யூட்டர் படித்த தேவயானி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அதைத் தன் ரூட்டரில் ஏற்றினாள். அன்றிலிருந்து பெட்டி ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.

படுக்கவும் கூடாது. வேலூரில் டாக்டர்கள் வாயால் சொல்லி அனுப்பும் ஸ்கேன் விவரங்களை வீட்டிலிருந்தே டைப் செய்து திருப்பி அனுப்புவதுதான் அவள் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. நடுவில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் லைன் போனால், அவள் பெயருக்கு நேரே திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். முதல் தொண்ணூறு நாளில் மூன்று புள்ளி விழுந்தால் வீட்டு வேலை ரத்து. வேலூருக்குப் போய் விடுதியில் தங்கி வேலை பார்க்கலாம். விடுதியில் குழந்தைக்கு அனுமதி இல்லை. அவள் மகளுக்கு வயது இரண்டு.

பழைய டிரைவரின் புண்ணியத்தில் ஒரு புள்ளி ஏற்கெனவே விழுந்திருந்தது. மிச்சம் ஐம்பது நாள்.

இந்த நிலையில்தான் வாரியத்தின் ஜீப் வந்து வாசலில் நின்றது.

இறங்கியவர் குணசீலன். வாரியத்தின் இணை இயக்குநர், குழுவின் தலைவர். பின்னாலேயே கட்டுக் காகிதத்தோடு எழுத்தர் மஞ்சுளா. குணசீலன் உட்காராமல், நின்றவாக்கிலேயே பதினாறு பக்க ஆணையை வாசித்தார். மாமியார் செல்லியம்மாள் வைத்த டீயில் ஆடை படர்ந்து, அந்த ஆடையில் ஈ உட்கார்ந்து எழுந்து போயிற்று. டிரைவருக்கு ஆணையில் இயக்கி என்று பெயர். திறந்த இயக்கி, மூடிய இயக்கி ஆகிய இரண்டின் தகுதியையும் ஒரு வீட்டில் வைத்து ஒப்பிட்டு அறிவது. அந்த வீடு இதுதான் என்பது ஆணையின் சாரம்.

“உங்க கடிதத்தப் பாத்து வாரியமே பெருமைப்படுதும்மா. அதான் உங்க வீட்டையே ஒப்பீட்டு இல்லமா அறிவிச்சிருக்கோம்” என்றார்.

“நான் கேக்கலைங்களே சார்.”

“கேட்டா கெடைக்காதும்மா. அதனாலதான் கேக்காதவங்களாப் பாத்துக் குடுக்குறோம்.”

ரூட்டர் நன்றாக ஓடுகிறது என்பதற்கு ஆதாரமாக, தேவயானி தன் கடிதத்தோடு மூன்று நாள் பதிவேட்டை இணைத்திருந்தாள். திறந்த டிரைவர் தான் செய்வதையெல்லாம் தானே வரி வரியாக எழுதி வைத்துக்கொள்ளும்; அந்தப் பதிவேடு நானூற்றுப் பன்னிரண்டு வரி. குழு அதை எண்ணிப் பார்த்து முடிவுக்கு வந்திருந்தது. ஆணையின் ஒன்பதாம் பக்கம் சொன்னது: ‘திறந்த இயக்கி 412 நிகழ்வுகளைத் தானாகவே ஒப்புக்கொண்டுள்ளது. மூடிய இயக்கி இதுநாள் வரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.’

போலீஸ் ஸ்டேஷன் பாஷை போல இருக்கிறதே என்று தேவயானி நினைத்தாள்.

ஒப்பீடு தொடங்குமுன் இரண்டு டிரைவர்களுக்கும் ‘உள்ளடக்கச் சான்று’ தேவை. டிரைவருக்குள் என்ன இருக்கிறதோ அதை அப்படியே காகிதத்தில் அச்சடித்து, மூன்று படிகள், பக்கத்துக்குப் பக்கம் அதிகாரியின் பச்சை மை கையெழுத்து. மூடிய டிரைவரின் சான்று ஏற்கெனவே தயார் என்று மஞ்சுளா ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். ஒற்றைத் தாள். தேவயானி எட்டிப் பார்ப்பதற்குள் அது கோப்புக்குள் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை தேவயானி லீவு போட்டாள். ஜமுனாமரத்தூர் பிரவுசிங் சென்டரில் முதல் நாளே ஆரம்பித்த அச்சு வேலை, பிரிண்டர் இரண்டு முறை சூடேறி நின்ற பிறகு முடிந்தது. டிரைவரும் அதைத் தாங்குகிற துணைப் பகுதிகளுமாக இரண்டாயிரத்து நானூறு பக்கம். மூன்று படி என்றால் ஏழாயிரத்து இருநூறு. கணவன் ரங்கன் அதை இரண்டு அரிசி மூட்டையில் கட்டிப் போளூர் பஸ்ஸில் ஏற்றினான். மூட்டையில் புளியா என்று கண்டக்டர் கேட்டார். வைஃபை என்றான் ரங்கன். கண்டக்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஈரம் படாமல் வைக்கச் சொன்னார்.

போளூர் அலுவலகத்தில் குணசீலன் மூட்டையை அவிழ்த்து முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது நகல். ஒரிஜினல் எங்க?”

“ஒரிஜினல்னு தனியா இல்லீங்க சார். அது இணையத்துல கீது. யாரு வேணா பாத்துக்கலாம்.”

“யாரு வேணா பாக்கலாம்னா அது எப்படிம்மா ஒரிஜினல் ஆகும்? சரி, இத எழுதுனது யாரு?”

உலகம் பூராவும் ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள் என்றாள் தேவயானி.

“ஒருத்தரையாவது நேர்ல வரச் சொல்லுங்க. ஆதாரோட.”

ரங்கன் குறுக்கிட்டு, அந்தக் கம்பெனிக்காரர் மட்டும் நேரில் வந்தாரா என்று கேட்டான். குணசீலன் கோபப்படவில்லை. மேஜைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு, நீண்ட நாளாகச் சொல்லக் காத்திருந்ததுபோல் விளக்கினார்.

“தம்பி, நாளைக்கு ஒரு தப்பு நடந்தா யாரத் திட்டுறது? கம்பெனிக்கு ஒரு நம்பர் இருக்கு. நாலு வருஷமா நான் அடிச்சுக்கிட்டுதான் இருக்கேன், யாரும் எடுக்கல. ஆனா நம்பர்னு ஒண்ணு இருக்கு. ஆயிரம் பேர் செஞ்சதுல எனக்கு எந்த நம்பர் இருக்கு சொல்லுங்க? ஒழுங்கா ஓடுறது முக்கியமில்ல தம்பி. நின்னா யாரக் கை காட்டலாம்ங்கிறதுதான் நிர்வாகம்.”

கடைசியில் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். வாரியமே இணையத்திலிருந்து இன்னொரு பிரதி அச்சடிக்கும், அது ஒரிஜினல். அதோடு இவர்களுடைய நகலை வரி வரியாக ஒப்பிட்டு அவர் கையெழுத்திடுவார். நாளொன்றுக்கு நாற்பது பக்கம் முடியும். நூற்றெண்பது வேலை நாள். அதுவரைக்கும் சான்று பெற்ற டிரைவர் ஒன்றே ஒன்றுதான் என்பதால், ஒப்பீட்டை அதை மட்டும் வைத்து நடத்துவார்கள்.

ஒரே ஆள் ஓடுகிற பந்தயம்.

திங்கட்கிழமை காலை வாரியத்தின் ஆள் வந்து திறந்த டிரைவரை எடுத்துவிட்டு மூடியதைப் பொருத்தினான். ரூட்டரைச் சுற்றி இரும்புக் கூண்டு அடித்து, பூட்டி, பிளக்கின்மேல் அரக்கு முத்திரை வைத்தான். சாவி போளூரில் இருக்கும். பெட்டியை அணைக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. வீட்டுக்காரி காலையிலிருந்து மாலை வரை வீட்டை விட்டு நகராமல் மணிக்கொரு தரம் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். செல்போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் இரண்டு கிலோமீட்டர் தாண்டி பஸ் திரும்பும் வளைவு. அங்கே போய் உட்கார்ந்து வேலை பார்க்கிற வழியும் இப்படி அடைபட்டது. ரூட்டரிலிருந்து கம்பி இழுத்துக்கொள்ளலாமென்றால் அதன் ஓட்டைகள் கூண்டுக்குள். கம்பி சொருக அவள் லேப்டாப்பில் இடமும் இல்லை.

ஒன்பது மணி முப்பத்தெட்டு நிமிஷத்துக்குப் பெட்டி படுத்தது. அரக்கு முத்திரையைத் தொடப் பயந்து தேவயானி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு இரண்டாவது சிவப்புப் புள்ளி விழுந்தது.

இன்னும் ஒன்று விழுந்தால் வேலூர்.

குறையைத் தெரிவிக்கலாமென்று பதிவேட்டைத் திறந்தாள். அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: ‘குறைகளை ஆய்வுக்குரிய வைஃபை வழியாக மட்டும் பதியவும்.’ ஒப்பீட்டிலிருந்து விலகுவதற்கும் அதே வழிதான். ஐந்து மணிக்கு மேல் ஊரில் கரண்ட் போய் வந்ததில் பெட்டி எழுந்தது. ஒன்பது பக்கப் படிவம். ஒரு பக்கம் நிரப்பி அடுத்ததற்குப் போக ஐந்தாறு நிமிஷம் எடுத்தது. ஏழாவது பக்கத்தில் பெட்டி படுத்தது. இரவு மறுபடி கரண்ட் போய் வந்து, மீண்டும் உயிர் வந்தபோது, படிவம் முதல் பக்கத்திலிருந்து, மிகுந்த மரியாதையோடு, அவள் பெயரைக் கேட்டது.

அப்போதுதான் செல்லியம்மாள் பேசினாள். அவள் அதுவரை ரூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை.

“ஏம்மே, பிளக்கத் தொடக்கூடாதுன்னுதான சொன்னான்? மெயினத் தொடக்கூடாதுன்னு சொன்னானா?”

சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த வீடு அரை மணிக்கணக்கில் வாழத் தொடங்கியது. முப்பத்தைந்து நிமிஷம் ஆனதும் தேவயானி கையிலிருக்கும் ரிப்போர்ட்டை முடித்துவிட்டு, “அத்தே” என்று குரல் கொடுப்பாள். வாசல்பக்க மெயின் சுவிட்சைச் செல்லியம்மாள் டொக்கென்று இறக்கி, பத்து எண்ணி, டொக்கென்று ஏற்றுவாள். லேப்டாப் பேட்டரியில் ஓடும். மூன்று நிமிஷத்தில் ரூட்டர் எழுந்துவிடும். ஐந்து நிமிஷத்துக்குள் என்பதால் புள்ளி விழாது. மிக்சியில் பாதி அரைந்த சட்னி நிற்கும். தூளியை ஆட்டிய மின்விசிறிக் காற்று நின்று குழந்தை விழித்துக்கொள்ளும். செல்லியம்மாள் கொல்லை வேலைக்குப் போவதில்லை, பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் போகவில்லை. ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை. மகள் அம்மா, அத்தே என்பதற்கு அடுத்தபடியாக டொக் என்று சொல்லப் பழகிற்று.

பத்து நாள் இப்படிப் போனது. பதினொன்றாம் நாள் குணசீலன் வந்து பதிவேட்டைப் புரட்டினார். அதில் ‘மின்சாரம் தடைபட்டதா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. செல்லியம்மாள் சொல்லச் சொல்ல ரங்கன் அதை ஒழுங்காக நிரப்பியிருந்தான்.

“நூத்தி நாப்பது தடவ மின்தடை. இவ்ளோ மோசமான கரண்ட்டுலயும் இந்த டிரைவர்மேல ஒரு குறைகூடப் பதிவாகல பாருங்க.”

“குறை சொல்ல முடியலைங்க சார். சொல்றதுக்குள்ள அது நின்னுடுது” என்றாள் தேவயானி.

“அப்போ குறை இல்லன்னுதானே அர்த்தம்? சொல்ல முடிஞ்சாத்தாம்மா அது குறை.” அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. “நான் இருபத்தாறு வருஷ சர்வீஸ். குறையே வராத திட்டத்த நான் எப்படி நடத்தினேன்னு நெனைக்கிறீங்க? குறை வர்ற வழிய மொதல்ல திட்டத்துக்குள்ளாற வெச்சுடணும். திட்டம் ஓடினா குறை இல்ல. ஓடலன்னா குறை வராது.”

மின்சாரம் நிலையற்றதாக இருப்பதால் ஒப்பீட்டை மேலும் தொண்ணூறு நாள் நீட்டிப்பதாக அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு கொல்லையில் காய்த்திருந்த பலாவைப் பார்க்க ரங்கனோடு பின்பக்கம் போனார்.

மஞ்சுளா மட்டும் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கலசப்பாக்கத்துக்காரி. இரண்டு மணி நேரம் ஜீப்பில் வந்த களைப்பு. அவள் கண் முன்னால் மெயின் இறங்கியது, ஏறியது. தேவயானி ஒரு ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு, திரையிலிருக்கும் இரண்டு சிவப்புப் புள்ளிகளைக் காட்டி, மூன்றாவது விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொன்னாள். தூளியில் குழந்தை டொக் என்றது.

மஞ்சுளா வாசலைப் பார்த்தாள். பிறகு கோப்பிலிருந்து அந்த ஒற்றைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டீ டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனாள்.

மூடிய டிரைவரின் உள்ளடக்கச் சான்று. மொத்தம் மூன்று வாக்கியம். ‘இந்த இயக்கியின் உள்ளே இருப்பது ரகசியம். அதைப் பார்க்கவோ கேட்கவோ விளக்கவோ கூடாது. ரகசியம் வெளிப்பட்டால் இச்சான்று ரத்தாகி, முந்தைய இயக்கியே மீண்டும் பொருத்தப்படும்.’ கீழே நிறுவனத்தின் ரப்பர் ஸ்டாம்ப். பக்கத்தில் குணசீலனின் பச்சை மை. தாள் வந்த தேதியும் கையெழுத்துத் தேதியும் ஒன்றே.

தேவயானி இரண்டு முறை படித்தாள். ரப்பர் ஸ்டாம்ப் அவள் வீட்டிலும் ஒன்று இருந்தது. சாமை அரிசி விற்கும் மகளிர் குழுவுக்குச் செல்லியம்மாள்தான் தலைவி.

மறுநாள் ரங்கன் போளூருக்குப் போனான். இந்த முறை மூட்டை இல்லை. சட்டைப் பையில் ஒரு தாள், அதில் அந்த மூன்று வாக்கியம், மகளிர் குழுவின் ஸ்டாம்ப், செல்லியம்மாளின் கோணல் கையெழுத்து. திறந்த டிரைவர் வாபஸ், இது புதிதாக வந்த ‘செல்லியம்மன் இயக்கி’ என்றான். குணசீலன் படிக்கப் படிக்க முகம் மலர்ந்ததாக அவன் திரும்பி வந்து சொன்னான். ஆர்வ மிகுதியில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாதி கேட்டாராம். கேட்டவர் சட்டென்று நிறுத்தி, கேட்கக் கூடாதல்லவா என்று தானே நாக்கைக் கடித்துக்கொண்டு, பச்சை மையில் கையெழுத்துப் போட்டாராம். அச்சடித்த இரண்டு மூட்டைகளையும், இடத்தை அடைக்கிறது, எடுத்துப் போ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“தொழில்னா இப்படி இருக்கணும் தம்பி. மொத தடவ ஊரே பாக்குற மாதிரி எல்லாத்தையும் அவுத்துக் கொட்டினீங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சந்தேகமே வந்துது.”

ஞாயிற்றுக்கிழமை வாரியத்தின் ஆள் வந்து கூண்டைத் திறந்தான். ரகசியத்தைப் பார்க்க அவனுக்கும் அனுமதி இல்லை. குணசீலன், மஞ்சுளா, அவன் மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். சுவரில் மாட்டியிருந்த உரக்கடைக் காலண்டரை இருபது நிமிஷம் படித்தார்கள். தேவயானி, எட்டு வயதுப் பிள்ளையும் இணையத்தில் எடுத்துப் படிக்கக்கூடிய அதே திறந்த டிரைவரை அதே பெட்டியில் ஏற்றி முடித்தாள். கூண்டு மறுபடி பூட்டப்பட்டது.

பெட்டி ஓடியது. முப்பத்தெட்டு நிமிஷம், எழுபது நிமிஷம், ஒரு முழு நாள். குழுவின் இறுதி அறிக்கையும் வந்துவிட்டது: ‘இரண்டு இயக்கிகளும் ரகசியமானவை. ஆகவே ஒப்பிட இயலாது. ஆகவே இரண்டும் சமம். அந்தந்த வீட்டில் உள்ளது அப்படியே தொடரட்டும். மற்ற 63 வீடுகளில் குறைகள்: பூஜ்யம்.’

வேலையில் சேர்ந்த தொண்ணூறாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, திரையில் இரண்டு சிவப்புப் புள்ளிகளும் மறைந்து அவள் வேலை உறுதியானது. தேவயானி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் காத்திருந்தாள். அவள் மகள் நர்சிங் சேர ஆன்லைனில் படிக்கிறது. அன்றைக்கு மாதிரித் தேர்வின் நடுவில் பெட்டி படுத்து, தேர்வே போய்விட்டது. அடுத்த வாரம் நிஜத் தேர்வு. உட்கார இடம் தேடியவள், வாசலோரம் கிடந்த மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

“உன்னுது மட்டும் எப்டிமே நிக்காம ஓடுது? இன்னா பண்ணே? முந்தி நீதான சொன்னே, எல்லா வூட்டுக்கும் நானே வந்து போட்டுத் தர்றேன்னு.”

தேவயானியின் கண் மூட்டைமேல் போயிற்று. சொல்ல வேண்டியதெல்லாம் அதற்குள்தான் இருந்தது, இரண்டாயிரத்து நானூறு பக்கம், மூன்று படி. ஒரு வீட்டுக்குச் சொன்னால் மறுநாள் அறுபத்து மூன்று வீட்டுக்கும் போகும். அதற்கடுத்த நாள் ஜீப் வரும். சான்று ரத்து, கூண்டுக்குள் பழைய டிரைவர். வேலை உறுதியானாலும் லைன் இல்லாதவளை வேலூர் விடுதிக்குத்தான் கூப்பிடுவார்கள்.

“அது ரகசியங்கா” என்றாள்.

சொன்ன குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

சுந்தரம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “பரவால்லமே. நீயும் ஆபீசு ஆய்ட்டே.”

வேறு என்ன கொடுக்க முடியும் என்று தேவயானி அவசரமாகத் தேடினாள். ஒன்றுதான் இருந்தது. முப்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மெயினை இறக்கி, பத்து எண்ணி, ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். தேர்வு நேரத்தில் வாசலில் ஒரு ஆளை நிறுத்திவிட்டால் போதும் என்றாள். சுந்தரம்மாள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

இரண்டு நாளில் அது ஊருக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரத்தில் மேலண்டை வீட்டில் டொக் என்றது. பிறகு கோடி வீட்டில். பிறகு வரிசையாக, மலைச்சரிவு முழுக்க, ஒவ்வொரு வீடாக இருண்டு, பத்து எண்ணி, மீண்டும் வெளிச்சமானது. ஒவ்வொரு டொக்குக்கும் குழந்தை கை தட்டிச் சிரித்தது.

தேவயானியின் வீட்டில் கூண்டுக்குள் பச்சை விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக அது தெருவுக்குத் தெரிந்தது. அவள் உள்ளே போய், மடித்து வைத்திருந்த துண்டு ஒன்றை எடுத்துக் கூண்டின்மேல் போட்டு மூடினாள்.